இடது தொடை: 26 செ.மீ.

ஜூன் 26, புதன்

டாக்டர் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். மற்றபடி டைரி எழுதிக்கொண்டு உட்காருகிற ஆள் இல்லை நான். இது புத்தாண்டுக்குச் சபையில் கொடுத்தது. ஆறு மாதமாக ஜன்னல் கதவுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

நாயின் பெயர் ராக்கெட். சிப்பிப்பாறைக் கலப்பு, நான்கு வயது. ஜூன் எட்டாம் தேதி காலையில் எங்கள் வீட்டுக்காரர் கேட்டைத் திறந்துபோட்டதால் ரோட்டுக்கு ஓடி லோடு ஆட்டோவில் அடிபட்டான். இடது இடுப்பு மூட்டு நொறுங்கிவிட்டது. தொடை எலும்பின் தலையை வெட்டி எடுத்துவிட்டார்கள். இனி அந்த இடத்தில் எலும்பு தாங்காது, சதைதான் தாங்க வேண்டும். சதை வளர உடற்பயிற்சி செய்ய வேண்டும். ஆறு வாரத்துக்குள் காலை ஊன்றவில்லை என்றால் மூட்டு இறுகிவிடுமாம். அப்புறம் ஆயுசுக்கும் மூன்று கால்தான்.

வலது தொடை சுற்றளவு 31 செ.மீ. இடது 26.

இதைச் சொன்ன டாக்டர் யார் என்று நினைத்தால்தான் எரிகிறது. மேலப்பாளையம் ஜுலைகா. என்னிடம் ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புவரை படித்தவள். பி.டி. பீரியட் வந்தால் அப்பா கையெழுத்துப் போட்ட லெட்டரோடு வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்துகொள்ளும் கோஷ்டி ஒன்று உண்டு. அதில் முதல் ஆள் இவள். எப்போது பார்த்தாலும் வயிற்றுவலி. ஒரு நாள் ஓடியதில்லை, ஒரு நாள் கயிறு தாண்டியதில்லை. அவள் எனக்கு உடற்பயிற்சி சொல்லித் தருகிறாள். முப்பத்திரண்டு வருடம் பி.டி. டீச்சராக இருந்து போன மாதம்தான் ஓய்வுபெற்ற எனக்கு!

"சொல்லிக்குடுக்க மூணு வழி இருக்கு டீச்சர்" என்றாள். "கையால புடிச்சு நிப்பாட்டுறது ஒண்ணு. தீனியைக் காட்டிக் கூட்டிட்டு வாரது ரெண்டாவது. மூணாவது, நாம சும்மா இருக்கணும். அவனா சரியாச் செய்ற அந்த நொடியில ஒரு சத்தம் குடுத்து, உடனே தீனி குடுக்கணும். எது சரின்னு அவன்தான் சொல்லுவான். தெனமும் எழுதிட்டு வாங்க."

நாய் சொல்லுமாம்.

ஜூன் 27

முதல் வழியை எடுத்துக்கொண்டேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அணிவகுப்பில் தோளைப் பிடித்துத் திருப்பி, முட்டியைத் தட்டி, முதுகை நிமிர்த்தி எத்தனை ஆயிரம் பிள்ளைகளை நிறுத்தியிருக்கிறேன்.

பயிற்சி 1: முன்கால் இரண்டையும் மணைமேல் வைத்து நிற்பது. உடம்பின் எடை பின்காலுக்குப் போகும். பயிற்சி 2: செங்கல்மேல் விளக்குமாற்றுக் கம்புகளை வைத்து ஒவ்வொன்றாகத் தாண்டி நடப்பது.

முன்காலைத் தூக்கி மணைமேல் வைத்தேன். இடுப்பைப் பிடித்து இடது பக்கம் தள்ளினேன். மூன்று எண்ணுவதற்குள் இறங்கிவிட்டான். மறுபடி தூக்கி வைத்தேன். பத்து முறை. சத்தத்துக்கு என் பழைய விசில். மெதுவாகத்தான் ஊதினேன். நாக்கைச் சொடுக்கினால் போதும் என்று ஜுலைகா சொல்லியிருந்தாள். விசில் கையில் இருக்கும்போது எதற்கு நாக்கு?

இவர் தின்பண்டத்தட்டோடு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "ரத்னா, அந்த விசில் வேண்டாமே" என்றார். "கேட்டைப் பூட்டத் தெரியாதவங்க யோசனை சொல்லவேண்டாம்" என்றேன். உள்ளே போய்விட்டார். லைப்ரரியில் 'சத்தம் போடாதீர்' போர்டுக்குக் கீழே முப்பது வருடம் உட்கார்ந்த மனுஷன். பதில் பேசத் தெரியாது.

ஜூன் 28

பத்து முறை. பத்து முறையும் தள்ளவேண்டியிருந்தது.

ஜூன் 30, ஞாயிறு

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் ஆறு பேர் நாயைப் பற்றி விசாரித்தார்கள். ஆறு பேருக்கும் சொன்னேன், இவர் கேட்டைத் திறந்துபோட்ட கதையை. இவர் பக்கத்தில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்தால் எதிர்வீட்டுச் சண்முகவடிவு. "சார், இன்னைக்காவது கேட்டைப் பூட்டிட்டுப் போனியளா?" என்று சிரிப்பு. மூன்று வாரமாகத் தினமும் இதே கேள்வி. இவரும் தினமும் "பூட்டிட்டேம்மா" என்கிறார். சாளை மீன் குழம்பில் உப்பு கூடிவிட்டது. அதற்கும் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். சொன்னால் என்ன?

ஜூலை 3

சாயங்காலம் நாலு மணிக்கு ராக்கெட்டைத் தேடினால் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறான். நேற்றும் அங்கேதான், அதற்கு முந்தின நாளும் அங்கேதான். நடக்க முடியாத நாய் கட்டிலுக்கு அடியில் புகுந்து சுவரோடு ஒட்டிக்கொள்ள மட்டும் முடிகிறது.

பள்ளிக்கூட ஆட்டோக்கள் வருகிற நேரம். ஆட்டோ சத்தம்தான் காரணம். அடித்தது ஆட்டோதானே.

எங்கள் வீட்டுப் பின்சுவருக்கு அந்தப் பக்கம்தான் பள்ளி மைதானம். நாலு மணிக்குக் கேம்ஸ் பீரியட். என் இடத்துக்கு வந்திருக்கிற புதுப்பெண் விசில் ஊதுவது அடுப்படிவரை கேட்கிறது. ஊதத் தெரியவில்லை. நிறுத்துவதற்கு ஒரு நீட்டல் போதும், இவள் விட்டுவிட்டு ஊதுகிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். யாரும் கேட்கவில்லை. ஐம்பதடி தூரத்தில் இருக்கிறேன், ஒருவருக்கும் ஞாபகம் இல்லை.

ஜூலை 6

கொட்டாவி விடுகிறான்! நான் விசிலை வாயில் வைத்ததும் வாயைப் பிளந்து ஒரு கொட்டாவி. பிறகு நாக்கால் மூக்கை நக்குகிறான், முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். வகுப்பில் கொட்டாவி விட்ட பிள்ளைகளை மைதானத்தை நாலு சுற்றுச் சுற்றவிட்டிருக்கிறேன். இவனை எப்படிச் சுற்றவிடுவது?

இடுப்பைத் தள்ளினால் எதிர்த்துத் தள்ளுகிறான். அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இருபது நிமிடம். எனக்கு வியர்த்துவிட்டது. அவனுக்கு ஒன்றும் இல்லை.

தையல் டேப்பால் அளந்தேன். 25.5. டேப் பழசு.

ஜூலை 10, புதன்

முதல் பரிசோதனை. ஜுலைகா அவனை நடக்கவிட்டுப் பார்த்தாள். பிறகு என்னையே செய்துகாட்டச் சொன்னாள். இடுப்பில் கைவைத்துத் தள்ளினேன்.

"டீச்சர், கொஞ்சம் நிப்பாட்டுங்க. நீங்க தள்ளுற பக்கம் அவன் போகலை பாருங்க. உங்க கைமேல சாயுறான். யாரைத் தள்ளுனாலும் எதிர்த்துத் தள்ளத்தான் செய்வாங்க. நாயும் அப்படித்தான். ரெண்டு வாரமா நல்ல காலுக்குத்தான் பயிற்சி நடந்திருக்கு."

நல்ல காலுக்கு! ரெண்டு வாரம்! என் முகத்துக்கு நேராக, அந்த லெட்டர் பிள்ளை!

"என்ன சத்தம் குடுக்குறீங்க?" என்றாள்.

"நாக்கைச் சொடுக்குதேன்" என்றேன். விசில் என்று சொன்னால் அதற்கும் ஒரு பாடம் நடத்துவாள் என்று தோன்றியது.

"எதுக்காவது பயப்படுறானா?"

"ஆட்டோவுக்கு."

எழுதிக்கொண்டாள். "எப்படி அடிபட்டுது" என்ற கட்டத்துக்கு நேரே முதல் நாளே 'கேட் திறந்திருந்தது' என்று எழுதிக் கொடுத்திருந்தேன். அதையும் ஒருமுறை வாசித்தாள். ஆட்டோ சத்தம் கேட்காத காலை நேரத்தில் செய்யச் சொல்லி, இரண்டாவது வழியை எடுக்கச் சொன்னாள். கையில் தீனி. தொடக்கூடாது.

இவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவுக்குப் பயம் என்று நான் சொன்னது அவருக்குக் கேட்டிருக்கும். கதவு திறந்துதான் இருந்தது.

ஜூலை 11

கோழி ஈரல் வேகவைத்து விரல்நுனி அளவுக்கு வெட்டினேன். வீடு முழுக்க ஈரல் நாற்றம்.

ஈரலை மூக்குக்கு நேரே பிடித்து மேலே கொண்டுபோனால் முன்காலை மணைமேல் வைக்கிறான். வைத்ததும் விசில், விசிலுக்கு ஈரல். விசிலைக் கேட்டதும் சுருங்கிப்போகிறான். காது பின்னால் படிந்துவிடுகிறது, வாய் மட்டும் ஈரலுக்கு நீள்கிறது. இடது பின்கால் தரையைத் தொடவே இல்லை. மூன்று காலில் நின்று கழுத்தை நீட்டி வாங்கித் தின்றுவிட்டு இறங்கிவிட்டான்.

ஏமாற்றுக்காரன்.

ஜூலை 13

காஸ் சிலிண்டர் வந்தது. தூக்கிவந்தவர் கேட்டைத் திறந்துபோட்டுவிட்டுப் போய்விட்டார். பத்து நிமிடம் கழித்துத்தான் பார்த்தேன். ராக்கெட் வாசலில் படுத்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். நொண்டி எங்கே ஓடுவான்.

ஜூலை 17

25.

டேப்பைக் கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் 25.5 வருகிறது. இன்னும் தளர்த்தினால் 26. டாக்டர் இந்த டைரியைப் பார்ப்பதில்லை, அவள் கொடுத்த தாளைத்தான் பார்ப்பாள். அதில் 26 என்று போட்டேன். முதல் அளவிலிருந்து குறையவில்லை என்றாவது இருக்கட்டும். மூன்று வாரம் போய்விட்டது, இன்னும் மூன்று வாரம்தான். ராத்திரியும் பகலும் இதே நினைப்பு. இந்த நாய் என்னை வேண்டுமென்றே அவமானப்படுத்துகிறதோ என்று தோன்றுகிறது. தோன்றுவதை எழுதத்தானே டைரி.

ஜூலை 19

விசிலைக் காணோம்.

ஜூலை 20, சனி

ஆணியில் மாட்டியிருந்த விசில். முப்பத்திரண்டு வருடத்தில் கயிறு நாலு முறை மாற்றியிருக்கிறேன், விசில் அதேதான். பீரோ, தையல் மெஷின் டிராயர், அரிசி டிரம், பாத்ரூம் பக்கெட்டுக்குக் கீழே, எல்லா இடமும் பார்த்தாயிற்று. ராக்கெட்டின் படுக்கையைக்கூட உதறிப்போட்டேன். இவர் பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல ஒரு பொருள் வச்ச எடத்துல இருக்கா? எல்லாம் திறந்து கெடக்குற வீடு!" என்று கத்தினேன். சண்முகவடிவு மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பயிற்சி செய்யவில்லை.

ஜூலை 22, திங்கள்

கோபத்தில் இன்றைக்கும் பயிற்சி வேண்டாம் என்று விட்டுவிட்டேன். வெறுந்தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தேன். நாயைப் பார்க்கவில்லை. பார்க்கப் பிடிக்கவில்லை. மணை அதுபாட்டுக்கு நடுவில் கிடந்தது. ஈரல் கிண்ணத்தை எடுத்து வைக்கவும் மறந்துபோய் என் பக்கத்திலேயே இருந்தது.

என்னவோ அசைந்ததுபோல் இருந்தது. நிமிர்ந்தால், அவன் முன்கால் இரண்டும் மணைமேல். யாரும் தூக்கிவைக்கவில்லை, யாரும் காட்டவில்லை. கிண்ணத்தைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான். இடது பாதம், அந்தப் பாதம், தரையில் இருந்தது. விரல்கள் விரிந்து ஊன்றியிருந்தன.

விசிலுக்குக் கை போனது. விசில் இல்லை. நாக்கைச் சொடுக்கினேன். ஈரலைப் போட்டேன். தின்றுவிட்டு மறுபடி ஏறினான். மறுபடியும் அந்தப் பாதம். ஏழு முறை! கீரையை அப்படியே போட்டுவிட்டேன்.

நாலு வாரக் கண்டிப்பு வேலை செய்திருக்கிறது. வேறு என்ன?

ஜூலை 24, புதன்

ஜுலைகா தானே அளந்தாள். 25. என் தாளைப் பார்த்தாள், 26. எனக்குக் காது சூடாகிவிட்டது. எத்தனை பிள்ளைகளின் பொய் லெட்டரை இப்படிப் பார்த்திருப்பேன். அவள், "டேப்புக்கு டேப் கொஞ்சம் வித்தியாசம் வரும் டீச்சர்" என்று சொல்லி 26-ஐ அடித்துவிட்டு 25 எழுதினாள். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். இப்படிச் செய்தால் என்ன செய்வது?

திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னேன். கண் விரிந்துவிட்டது அவளுக்கு. "அதுதான் டீச்சர் மூணாவது வழி. நீங்களாவே புடிச்சிட்டீங்க. அவன் செஞ்சான், நீங்க பாத்தீங்க. இனிமே இதையே வச்சுக்குவோம்." பிறகு தாளைப் புரட்டி, "கொட்டாவி விடுறான்னு எழுதியிருக்கீங்களே, அது எப்போ?"

"பயிற்சி ஆரம்பிக்கும்போது. சோம்பேறித்தனம்."

"சோம்பல் இல்ல டீச்சர். பயந்தா நாய் கொட்டாவி விடும். மூக்கை நக்கும். மொகத்தைத் திருப்பும். அவன் ஆட்டோவுக்கு மட்டும் பயப்படலை. வீட்டுக்குள்ள வேற என்னமோ இருக்கு. யோசிச்சுப் பாருங்க. இன்னும் ரெண்டே வாரம். அது என்னன்னு தெரியாம நான் என்ன சொல்லிக்குடுத்தாலும் பாதிதான் ஆகும்."

எனக்குப் பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. "எல்லாருக்கும் காரணம் கண்டுபிடிக்கியே, உனக்கு மட்டும் ஏன் பி.டி. பீரியட்னா வயித்துவலி?" என்று கேட்டேன். கேலியாகத்தான் கேட்டேன்.

அவள் சிரித்தாள். "லெட்டர்ல பொய் இல்ல டீச்சர். உங்க விசில் சத்தம் கேட்டா நெசமாவே வயிறு வலிக்கும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

ஜூலை 25

எழுத எதுவும் இல்லை.

ஜூலை 26

நாலு மணி. இன்றைக்கு அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். ஆட்டோக்கள் மூன்றே முக்காலுக்கே வந்து வரிசையாக நின்று உறுமிக்கொண்டிருந்தன. ராக்கெட் தூங்கிக்கொண்டிருந்தான். காதுகூட அசையவில்லை. நாலு மணிக்குப் பின்சுவருக்கு அந்தப் பக்கம் அந்தப் புதுப்பெண் ஒரு ஊது ஊதினாள். கட்டிலுக்கு அடியில் போய்விட்டான்.

அந்தப் பெண்மேல்தான் கோபம் வந்தது. அப்படி ஊதக்கூடாது.

ஜூலை 28, ஞாயிறு

சபைக்குப் போய்விட்டு வந்து இவர் சட்டையைத் துவைக்கப் போடப் பையைத் துழாவினேன். விசில்.

"இதென்ன?"

"நான்தான் எடுத்தேன்" என்றார். "பத்து நாளா பையிலயே வச்சிருக்கேன். வீட்ல எங்க வச்சாலும் நீ கண்டுபிடிச்சிருவ."

அதற்குப் பிறகு நான் என்னவெல்லாம் பேசினேன் என்று எழுதவேண்டாம். திருட்டு என்றேன். துரோகம் என்றேன். கடைசியில் எப்போதும் வந்து நிற்கிற இடத்தில் வந்து நின்றேன். "நீங்க அன்னைக்குக் கேட்டைத் திறக்கலன்னா அவன் ஓடியிருப்பானா?"

கல்யாணமான முப்பத்துமூன்று வருடத்தில் முதல் தடவையாக மனுஷன் பதில் சொன்னார். சத்தம் உயரவில்லை.

"தெனமும்தான் திறக்கேன் ரத்னா. காலைல சைக்கிளை வெளிய எடுக்கும்போது திறக்கேன், வந்தப்புறந்தான் சாத்துதேன். அவன் வந்து நாலு வருஷமாச்சு. ஒரு நாளாவது கேட்டைத் தாண்டியிருக்கானா?"

நான் கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

"அன்னைக்கும் என் கால்கிட்டதான் நின்னான். நீ ஊதுன. நின்னவன் நடுங்குனான். நீ திரும்பியும் ஊதுன."

"அதை ஏன் இத்தன நாளாச் சொல்லல? ஊரெல்லாம் உங்களைச் சொன்னேன். கேட்டுட்டுத்தான நின்னீங்க?"

"சொன்னா நீ என்ன ஆவியோன்னு தெரியல. ஏற்கெனவே ஸ்கூலும் கைய விட்டுப் போயாச்சு." சட்டையை என் கையிலிருந்து வாங்கி அவரே வாளியில் போட்டார். "ஆனா அவன் கால் தேயுது ரத்னா. அதைப் பாத்துட்டு இருக்க முடியல."

ஜூலை 29

எழுதுகிறேன். எனக்கு நானே லெட்டர் கொடுத்துக்கொண்டது போதும்.

ஜூன் எட்டு, சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. எனக்கு இல்லை. தெரிந்தும் காலையில் என் கான்வாஸ் ஷூவைக் கழுவி வெள்ளை பூசி மதில்மேல் காயவைத்தேன். முப்பத்திரண்டு வருடம் ஜூன் மாதம் செய்த வேலை, கை தானாகச் செய்தது. செய்து முடித்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த நேரத்தில் யார்மேல் என்று தெரியாமல் எனக்கு வந்த ஆத்திரம் எனக்குத்தான் தெரியும்.

ராக்கெட் ஒரு ஷூவைக் கவ்விக்கொண்டு ஓடினான். விளையாட்டுக்கு. வெள்ளையெல்லாம் அவன் வாயில். நான் கத்தினேன். அவன் சுற்றிச்சுற்றி ஓடினான். உள்ளே போய் ஆணியிலிருந்து விசிலை எடுத்துவந்தேன். ஓய்வுபெற்ற பிறகு அதைத் தொட்டது அன்றைக்குத்தான்.

என் விசிலுக்கு நிற்காத பிள்ளை கிடையாது. ஐந்நூறு பேர் ஓடிக்கொண்டிருந்தாலும் ஒரு நீட்டல், அத்தனை பேரும் சிலை. அவனும் நிற்பான் என்றுதான் ஊதினேன். கேட் பக்கம் இவர் காலடியில் நின்றான். நின்றுவிட்டான்! அதோடு விட்டிருக்கலாம். நின்ற பிள்ளையைக் கிட்டே போய் இன்னொரு தடவை ஊதி அதட்டுவது என் வழக்கம். கையை ஓங்கிக்கொண்டு, அவன் காதுக்கு ஒரு முழ தூரத்தில், மூச்சு முட்ட ஊதினேன். அவன் ஷூவைப் போட்டுவிட்டு ஓடினான். ரோடு எந்தப் பக்கம், வண்டி எந்தப் பக்கம் என்று அவனுக்கு என்ன தெரியும். என்னைவிட்டு ஓடினான், அவ்வளவுதான்.

பிறகு அதே விசிலை மூன்று வாரம் தினமும் அவன் முகத்துக்கு நேரே ஊதியிருக்கிறேன். மருந்து என்று.

வெட்கமாக இருக்கிறது. அதைவிடக் கோபமாக இருக்கிறது. இந்த முறை யார்மேல் என்று தெரிகிறது.

ஜூலை 30

ஜுலைகாவிடம் போய்ச் சொன்னேன். பரிசோதனை நாள் இல்லை, வரிசையில் ஒரு மணி நேரம் நின்றேன். உட்காராமலே சொல்லி முடித்தேன். 'கேட் திறந்திருந்தது' என்று எழுதிய ஃபாரத்தை வாங்கி அதை அடித்துவிட்டு, 'நான் விசில் ஊதினேன். பயந்து ஓடினான். பயிற்சிச் சத்தத்துக்கும் விசிலையே ஊதிவந்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான் எதிர்பார்த்த எதையும் அவள் சொல்லவில்லை. "இப்போ எனக்கு வழி தெரியுது டீச்சர்" என்றாள். "விசில் கேட்டா கெட்டது வரும்னு அவன் படிச்சு வச்சிருக்கான். அதை மாத்திப் படிக்க வைக்கணும். நாலு மணிக்கு ஸ்கூல் விசில் தூரத்துலதான கேக்கும்? கேட்டதும் ஈரல். கட்டிலுக்கு அடியில இருந்தாலும் அங்கயே போடுங்க. இழுக்காதீங்க, கூப்பிடாதீங்க. பயிற்சிக்கு நாக்குச் சத்தம் மட்டும்."

"ஆறு வாரத்துக்கு இன்னும் எட்டு நாள்தான் இருக்கு" என்றேன்.

"ஆமா" என்றாள். பொய்யாக ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

புறப்படும்போது, "உனக்கும் சேத்துத்தான் சொல்லுதேன் ஜுலைகா" என்றேன். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எனக்கு இல்லை, அதற்குமேல் வரவில்லை. அவள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் கூப்பிட்டாள்.

ஆகஸ்ட் 1

நாலு மணி. விசில். கட்டிலுக்கு அடியில் ஈரல் போட்டேன். தொடவில்லை. எறும்பு வந்துவிட்டது.

ஆகஸ்ட் 2

தொடவில்லை. இவர் போட்டார், தின்றான். என் கை பட்டதை மட்டும் வேண்டாம் என்கிறான். நியாயம்தான். இருந்தாலும் அடுப்படியில் போய்ப் பாத்திரத்தை டமாரென்று போட்டேன். உடனே ஓடிவந்து எட்டிப் பார்த்தேன், பயந்துவிட்டானோ என்று. இனி பாத்திரத்தைக்கூடப் போட முடியாது இந்த வீட்டில்.

ஆகஸ்ட் 4

மணை: பதினொரு முறை. கம்பு தாண்டல்: நாலு கம்பு, இரண்டு முறை. முறை: சும்மா இருப்பது. உலகத்திலேயே கஷ்டமான முறை இதுதான். கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்கிறேன்.

ஆகஸ்ட் 7, புதன்

ஆறாவது வாரம். அளந்தது ஜுலைகா. 26.

இறுகவில்லை. மூட்டு அசைகிறது. "ஆரம்பிச்ச எடத்துக்கே வந்திருக்கோம். இன்னும் ஒரு மாசம் இப்படியே போனா ஓடுவான்" என்றாள். ஆரம்பித்த இடத்துக்கு வர ஆறு வாரம்! என் முட்டாள்தனம் தின்றது ஐந்து வாரம். வெளியே வந்து இவரிடம் சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. ரோட்டில் வைத்து அழுதது இதுதான் முதல் தடவை. இவர் ஆட்டோவைக் கூப்பிடும் சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆகஸ்ட் 12

விசில் ஊதியதும் கட்டிலுக்கு அடியிலிருந்து மூக்கு மட்டும் வெளியே வந்தது. என் கையிலிருந்து வாங்கினான். ஈரல் கையில் இருந்த நேரம் முழுவதும் நான் மூச்சு விடவில்லை.

ஆகஸ்ட் 19, திங்கள்

27.

இன்று நாலு மணிக்கு இவர் வீட்டில் இல்லை, சைக்கிளில் கடைக்குப் போயிருந்தார். மைதானத்தில் விசில் ஊதினார்கள். அந்தப் பெண் இப்போது பரவாயில்லை, ஒரு நீட்டலோடு நிறுத்துகிறாள். ராக்கெட் கட்டிலுக்கு அடியில் போகவில்லை. நேராக மணைக்கு வந்தான், முன்காலை ஏற்றினான், இடது காலை ஊன்றிக்கொண்டு என்னைப் பார்த்தான். நாக்கைச் சொடுக்கினேன். அப்புறம்தான் தெரிந்தது கிண்ணம் காலி என்று. ஃபிரிட்ஜுக்கு ஓடி மீதி ஈரலை எடுத்துவந்தால், ஆளைக் காணோம்.

வாசலுக்கு வந்தேன். கேட் திறந்து கிடந்தது. இவர்தான், வழக்கம்போல. ராக்கெட் கேட்டுக்கு நேரே நின்றுகொண்டிருந்தான், நாலு காலிலும். ரோட்டில் பஸ் போனது, லோடு ஆட்டோ ஒன்றும் போனது.

எதிர்வீட்டில் சண்முகவடிவு கோலப்பொடி டப்பாவோடு நின்றாள். "எய்யா, சார் இன்னைக்கும் கேட்டைத் திறந்துபோட்டுட்டாவளே! டீச்சர், சத்தம் குடுங்க, ஓடிறப் போறான்!"

கூப்பிட வாய் வரை வந்தது. மூடிக்கொண்டேன். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு படியிலேயே நின்றேன்.

"அவன் கேட் திறந்து கெடந்ததுக்கு ஓடல, வடிவு" என்றேன். "நான் வெரட்டித்தான் அன்னைக்கு ஓடுனான். சார்மேல தப்பே இல்ல. நான் உங்கிட்டச் சொன்னது பொய்."

அவள் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்தாள்.

ராக்கெட் ரோட்டை ஒருமுறை பார்த்தான். இன்னொரு முறை பார்த்தான். பிறகு திரும்பி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து ஊன்றி, ஒவ்வொரு அடியாக என்னிடம் வந்தான்.

நான் கூப்பிடவில்லை.